இடுப்பில் கட்டிய போன்

மூன்றாவது தறியில் நூல் தீர்ந்து, ஊடுநூலை ஓட்டுகிற நாடாவை மாற்றிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். கல்பனாதான் டீக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, திரும்பாமலே 'வருகிறேன் போ' என்று கையைக் காட்டினேன். மறுபடியும் தட்டு. திரும்பினால் காக்கிச் சட்டை. ஒரு பெண் போலீஸ், சின்னப் பெண், வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தறி ஓடுகிற ஷெட்டுக்குள் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதில் விழாது. நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். எங்கள் நகரி ஆந்திராவில் சேர்ந்தது; அந்தப் பெண்ணின் உதடு தெலுங்கில் அசைந்தது. அதில் 'காஞ்சனா' என்ற என் பெயர் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டில் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எல்லாத் தறியையும் அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் வாசலுக்கு ஓடினேன்.

“ஒன் ஒன் டூக்கு கால் சேசிந்தி மீரேனா அம்மா?”

போலீசுக்கு போன் செய்தது நானா என்றுதான் கேட்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது. உடனே கோபமும் வந்தது. “நான் எதுக்கு மேடம் போலீசுக்குப் பண்றேன்? காலையிலேர்ந்து தறி ஓட்டிக்கினு கீறேன்.”

“மூடோ சாரி அம்மா இதி.” மூன்று விரலைக் காட்டினாள். சட்டையில் மஞ்சு என்று பெயர் குத்தியிருந்தது. எனக்காகக் கொஞ்சம் தமிழுக்கு வந்தாள். “மூணு வாட்டி. இதே நம்பர். எடுத்தா பேசமாட்டேங்கறீங்க. தடதடன்னு சத்தம், நடுவுல லேடீஸ் கத்தறாங்க. திரும்பப் பண்ணா எடுக்கறதில்ல. யாரோ உங்கள அடிக்கறாங்கன்னு அனுகுன்னாமு.”

என்னை அடிக்க இனிமேல் ஒருத்தன் பிறந்து வர வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்திவிட்டேன். 'திரும்பப் பண்ணா' என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரம் முன்னால்கூட என் வயிற்றில் போன் அதிர்ந்தது. போனைப் பார்க்கக்கூட நிற்காமல் நாலு தெரு தாண்டி வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் போனே அடிக்கலியே மே” என்றார். போன வாரமும் இதே கதை, அதற்கு முந்தின வாரமும் இதே கதை. ஏதோ தெரியாத நம்பர், லோன் வேண்டுமா என்று கேட்கிறவனாக இருக்கும் என்று அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு வந்து தறியைப் பிடித்தேன். திட்டு வாங்கியது கவர்மெண்டு.

“போன் ஏதி? சூபிஞ்சண்டி” என்று மஞ்சு கை நீட்டினாள். கொடுப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. என் போன் பையிலும் இல்லை, ஜாக்கெட்டிலும் இல்லை. சேலைக்குள்ளே வெறும் வயிற்றோடு ஒட்டவைத்து, துணிக்கரையில் கிழித்த பட்டையால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தேன். வாசலுக்கு வெளியே டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளி நாகபூஷணம் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். நான் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஏன் இப்படிக் கட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சிட்டிபாபுவும் இதே ஷெட்டில் தறி ஓட்டியவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாவது தறிக்கு முன்னால் நின்றவர், வெட்டின வாழை மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்தார். முன்பக்கம் சாய்ந்திருந்தால் கை போயிருக்கும். திருப்பதி பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஃபிட்ஸ் என்றார்கள். மெஷின் பக்கம் போகக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மாதத்தில் இரண்டு முறையாவது வந்துவிடுகிறது. வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவருக்குப் பால் அடிப்பிடிக்கிற வாசனை அடிக்கும், வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லாத நாளிலும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார். நான் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் தொடையைக் கொடுப்பேன். அக்கம்பக்கத்தாரை நம்பலாம்தான். ஒருமுறை நம்பினேன். வாய்க்குள் கரண்டியைத் திணித்து முன்பல்லை உடைத்துவிட்டார்கள், பாவம், நல்ல மனசோடு. ஒரே மகள் நந்திதா திருப்பதி ஹாஸ்டலில் நர்சிங் படிக்கிறாள். அவருக்கு நான்தான், எனக்கு என் வயிற்றில் அதிர்கிற அந்த போன்தான். ஷெட்டில் இடி விழுந்தால்கூடக் கேட்காது, மணியடிப்பதா கேட்கப்போகிறது? தோலில் பட்டால் தெரியும். அதனால்தான் கட்டினேன்.

மஞ்சு எல்லாவற்றையும் கேட்டாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏதாவது மொபைல் ஷாப்புல காட்டி இத ஆஃப் பண்ணிக்கங்கம்மா” என்றாள். போகும்போது திரும்பி வந்து, மெதுவாகத்தான் சொன்னாள். “நாங்க இங்க உங்க ஷெட்டு வாசல்ல நிக்கிற டயத்துல, நிஜங்கா ஆபத்துல கீறவங்க யாராச்சும் வெயிட் பண்ணிக்கினு இருப்பாங்க. மீக்கு தெலுசு கதா.” எனக்குத் தெரியாதா? அந்த ஒரு நிமிஷத்தின் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? தலை குனிந்தது.

நாகபூஷணம் அப்படியெல்லாம் மெதுவாகச் சொல்கிறவர் இல்லை. “வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கின கதையாக் கீது. போலீசு வந்துச்சுன்னா நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்? நாளையிலேர்ந்து போன் எல்லாம் என் டேபிள் மேல பொட்டியில. ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.” அவ்வளவுதான். உள்ளே இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான்கு நாளைக்குச் சோறு இறங்காது.

நான் விடுகிறவளா? அன்றைக்குச் சாயங்காலமே நகரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இஸ்மாயில் மொபைல் கடைக்குப் போனேன். இஸ்மாயில் என் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அக்கா, இந்த சைடு பட்டன் கீதே, இது டக்கு டக்குனு அஞ்சு வாட்டி அமுங்கினா நேரா போலீசுக்குப் போவும். நீ இத எங்க வெச்சிருந்த?” சொன்னேன். இழை அறுந்தால் தறியின் முன்கட்டையில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து, தறிக்குள் கையை விட்டு அறுந்த முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு இழைக்கு நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆடுவோம். “அப்போ கட்டதான் அமுக்குது, நீ இல்ல” என்றான். பட்டன் மட்டும் இல்லையாம். லாக் போட்டிருந்தாலும் திரையின் அடியில் எமர்ஜென்சி என்று ஒரு எழுத்து இருக்கும், வியர்த்த வயிறு பட்டால் அதுவும் வேலை செய்யுமாம். “அத எடுக்க முடியாதுக்கா. ரோட்டுல ஒருத்தன் வுழுந்து கெடந்தா, யார் வேணும்னாலும் அவன் போன எடுத்துக் கூப்பிடணும்னு வெச்சிருக்காங்க.”

அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். அஞ்சு அமுக்கலை ஆஃப் செய்தான். திரை தானாக விழித்துக்கொள்வதை நிறுத்தினான். மடியில் இருக்கும்போது தொடுதல் எடுக்காமல் இருக்க ஒன்றை ஆன் செய்தான். கடைசியில் தடியாக ஒரு மூடி போட்ட கவரை மாட்டினான். “தம்பி, இப்போ ஒரு போன் போடு” என்று கவரோடு வயிற்றில் வைத்துப் பார்த்தேன். எதிரே நின்று அவன் அடிக்கிறான், எனக்கு அதிர்வே தெரியவில்லை. “கவரக் கழட்டு” என்றேன். “அக்கா, கவர் இருந்தாதான் சேஃப்டி.” “யாருக்கு?” என்றேன். கழற்றினான். திரை வெளிப்பக்கம், பட்டன் மேல்பக்கம் வருகிற மாதிரி எப்படிக் கட்ட வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டே கொடுத்தான். நல்ல பிள்ளை.

இத்தனையும் செய்து மறுநாள் காலை முதலாளி முன்னால் நின்றேன். இனிமேல் போகாது, அஞ்சென்ன ஐம்பது தடவை அமுக்கினாலும் போகாது, எனக்கு மட்டும் விடுங்கள் என்றேன். “ஒருத்திக்கு வுட்டா இன்னொருத்தி கேப்பா. பொட்டின்னா பொட்டிதான்.” வேலையை விட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விட்டால் அடுத்த மாத மாத்திரைக்கு எங்கே போவது? போனை அட்டைப் பெட்டியில் போட்டேன். என் போனுக்கு மேல் கல்பனா தன் போனைப் போட்டாள். அன்றைக்கு ஓட்டின தறியில் எத்தனை இழை அறுந்தது, எத்தனையை விட்டேன் என்று எனக்குத் தெரியாது. வயிறு மட்டும் வெறுமையாக இருந்தது. ஒன்றும் கட்டாத இடத்தில் அடிக்கடி ஏதோ அதிர்கிற மாதிரியே இருந்தது.

டீக்கு விடுகிற போதெல்லாம் ஓடிப்போய்ப் பெட்டியைக் கிளறுவேன். ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போனால் அவர் சிரித்த முகமாகச் சோறு போடுவார். முதல் நாள் அப்படி. இரண்டாம் நாள் அப்படி. சரி, கடவுள் கண்ணைத் திறந்துவிட்டான், மாத்திரை வேலை செய்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தோம். அவர் வைக்கிற காரக்குழம்புக்கு எங்கள் தெருவே மூக்கை நீட்டும். மிளகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனிதர். அன்றைக்குக் குழம்பை எனக்கு மட்டும் ஊற்றிவிட்டு, தட்டில் வெறும் தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்தார். ஊறுகாய்கூட இல்லை. ஒரு பக்கமாகவே மென்றார்.

“இன்னாத்துக்குக் கொழம்பு ஊத்திக்கல?”

“வயிறு சரியில்ல. நீ துன்னு.”

“நாக்க நீட்டு.”

“இன்னா மே நீ, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி…”

“நாக்க நீட்டுய்யா.”

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் நீட்டினார். இடப்பக்கம் பல் பட்டுக் கிழிந்து, ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. சோறு ஒட்டின கையோடு அவர் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்போ?”

“முந்தாநேத்து. அப்பால இன்னைக்கு மத்தியானம்.”

“ஏன்யா அடிக்கல?”

“அடிச்சா எங்க அடிக்கும்? பொட்டியிலதான் அடிக்கும். மத்தியானம் நீ வந்து அதப் பாப்ப. பாத்துட்டு ஓடியாருவ. அப்பால மொதலாளி கத்துவாரு. முடிஞ்சிபோனதுக்கு நீ எதுக்கு அழுதுக்கினு ஓடியாரணும்? நானே எழுந்துக்கினேன். வாய கழுவிக்கினேன். ஒண்ணும் ஆவல மே.”

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலத்தான் வந்தது. வைக்க முடியாமல் அழுதேன். பாயில் தனியாகக் கிடந்து, தனியாக எழுந்து, ரத்தத்தைத் தனியாகக் கழுவிவிட்டு, எனக்குக் காரக்குழம்பு வைத்திருக்கிறார் இந்த மனுஷன். இதைவிட என்னை நாலு அடி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

விடிந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் வராதவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே தறிச் சத்தத்தைக் கேட்டதும் கால் விரல்கள் தானாக ஆடின. நாகபூஷணம் கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்தார். “டேய் சிட்டிபாபு! ஏண்டா இப்பிடி எளச்சிப் போய்ட்ட?”

“அதுக்கு அப்புறம் வரலாம் மொதலாளி” என்றேன் நான். “யோவ், நாக்கக் காட்டு.”

“ஏய், சும்மாயிரு மே.”

“காட்டுன்னா காட்டு.”

ஒரு முதலாளிக்கு முன்னால் நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். நாகபூஷணம் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நானே பேசினேன். என் போன் பொட்டியிலேயே இருக்கட்டும், போலீசு இனிமேல் இந்தப் பக்கம் வராது. ஆனால் இவருக்கு வாசனை வந்ததும் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். எப்பவும் ஒருத்தர் சட்டைப் பையில் இருக்கிற, மணியடித்தால் காதில் விழுகிற நம்பர். அது இந்த ஷெட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நான் இன்றைக்கே நின்றுகொள்கிறேன், பிச்சை எடுத்தாவது இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் சொன்னேன்.

“நான் இன்னா ஒனக்கு ஆப்பரேட்டரா?” என்று ஆரம்பித்தார் நாகபூஷணம். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். “அவன் வுழுந்த அன்னைக்கு நான்தான் தூக்கினேன். இன்னும் வுழுந்துக்கினே கீறான்னு என்னாண்ட மொதல்லியே சொல்லாம இருந்தியே, பொம்பள…” நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். “நம்பரு எழுதிக்க” என்றார். அவர் நம்பர் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தாலும் அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் முதல் தடவை கேட்கிற மாதிரி எழுதிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் இஸ்மாயில் என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தான். “ஒன் போன்ல ஆஃப் பண்ணத மாமா போன்ல ஆன் பண்றேன்க்கா. போலீசு நம்பர எடுத்துட்டு ஒங்க மொதலாளி நம்பரப் போடறேன். வாசன வந்தா லாக்கு எடுக்க வேணாம், பேரு தேட வேணாம். கண்ண மூடிக்கினு சைடுல அஞ்சு வாட்டி அமுக்கினாப் போதும்.” ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அமுக்கச் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. போன் கீச்கீச்சென்று கத்திவிட்டுத் தானாகவே போனது. அந்தப் பக்கம் முதலாளி ஒரே மணியில் எடுத்துவிட்டார். “சிட்டிபாபு! டேய்! இன்னாடா ஆச்சு? தோ வர்றோண்டா, படுத்துக்கோ, படுத்துக்கோ!” நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சும்மா டெஸ்ட் பண்ணினோம் என்று சொன்னதற்கு, தெலுங்கிலும் தமிழிலுமாக அவர் விட்ட டோஸ் கடை வாசல் வரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நாக்கு வலிக்க, கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை. பதின்மூன்றாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாவது தறியில் இழை அறுந்து, முன்கட்டையில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்திருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. பன்னிரண்டு தறியும் ஒரே நேரத்தில். விளக்கும் அணைந்தது. கரண்டு போயிற்று என்று நினைத்து நிமிர்ந்தேன். அந்த அமைதியில் காது ஙொய்யென்றது. வாசல் பக்கம் மெயின் ஸ்விட்ச் பலகைக்குக் கீழே நாகபூஷணம் நின்றிருந்தார். ஒரு கை அந்தக் கைப்பிடியின் மேல். இன்னொரு கையில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். ஷெட்டுக்குள் எப்போதும் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னார்.

“காஞ்சனா, போம்மா.”

எல்லோருக்கும் கேட்டது. கல்பனா என் கையிலிருந்த இழையை வாங்கிக்கொண்டாள். செருப்பைத் தேடவில்லை. ஓடினேன்.

அடுப்படியில் ஒருக்களித்துக் கிடந்தார். வந்து முடிகிற நேரம், கால் மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கித் தொடையில் வைத்தேன். வாயோரம் துடைத்தேன். “வந்துட்டேன்யா, வந்துட்டேன், நான்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கிறதோ இல்லையோ, சொல்வேன். மெல்ல மெல்ல உடம்பு தளர்ந்தது. மூச்சு சீரானது. வலது கை விரல்கள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். லைன் இன்னும் கட்டாகவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் யாரோ அடக்கி அடக்கி இருமினார்கள், கல்பனாதான். இன்னொருத்தர் 'உஷ்' என்றார்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு முகம் இளகியது. அப்புறம் எதையோ தேடுகிற மாதிரி வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். எங்கள் பக்கத்துக்கு அந்த ஒரே ஷெட்டுதான். பகலெல்லாம் அந்தச் சத்தம் நாலு தெரு தாண்டி எங்கள் சுவர் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும்.

“இன்னா மே,” என்றார், குழறலாக. “தறிச் சத்தமே கேக்கல… கரண்டு இல்லியா?”

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஷெட்டில்தான் இன்னும் மெயினைப் போடாமல் காத்திருந்தார்கள். போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.